பிரேக் ஆயில்: எண்ணெயே இல்லாத ஒரு எண்ணெயின் கதை

கார் பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் பின்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். உள்ளே இளமஞ்சள் நிறத்தில் கொஞ்சம் திரவம். மொத்த பிரேக் அமைப்பையும் சேர்த்தால் கூட ஒரு லிட்டரைச் சுற்றித்தான் வரும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நாம் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்பதற்குக் காரணம் அந்தத் திரவம்தான்.

எஞ்சின் ஆயிலை மாற்றணும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். பிரேக் ஆயிலை மாற்றணும் என்று சொல்லிப் பாருங்கள். "அதான் டப்பா ஃபுல்லா இருக்கே, எதுக்கு மாத்தணும்? பில்லை ஏத்துறதுக்கு இது ஒரு வழி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி கார் புத்தகத்தில் போட்டிருந்தாலும் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு விடை வேதியியல் பாடத்தில் கொஞ்சம், வரலாற்றுப் பாடத்தில் நிறைய இருக்கிறது. ஏனென்றால் இந்தத் திரவம் கெட்டுப் போகும் என்று தெரிந்தேதான் பொறியாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

கம்பியும் கழியும் ஆண்ட காலம்

ஆரம்ப காலக் கார்களில் பிரேக் என்பது முழுக்க இரும்புச் சமாச்சாரம். பெடலை மிதித்தால் ஒரு கழி அல்லது கம்பி இழுக்கப்படும், அது பிரேக்கை அழுத்தும். 1908 முதல் 1927 வரை கோடிக்கும் மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் பிரேக் பெடல் சக்கரத்தையே தொடாது, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு டிரம்மைத்தான் பிடிக்கும். முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது.

நான்கு சக்கரத்துக்கும் கம்பி வைத்தால் என்ன என்று கேட்கலாம். சிலர் வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், நான்கு கம்பியும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் நீண்டாலும், ஒரு மூட்டு துருப்பிடித்தாலும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகப் பிடிக்கும். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி மெக்கானிக்கிடம் போய் அளவு சரிசெய்துகொண்டே இருக்கணும்.

இதற்கான மருந்து 250 வருடத்துக்கு முன்பே தயாராக இருந்தது. அடைபட்ட திரவத்தின் மேல் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் எழுதி வைத்தார். அவர் இறந்த மறுவருடம், 1663-ல், அது நூலாக வந்தது. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இதே விதியை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார்.

பிரேக்கில் இது எப்படி வேலை செய்யும் என்று ஒரு சின்னக் கணக்கு. காலால் 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல், அது 5 மடங்காக்கி 150 கிலோ ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 3 சதுர செ.மீ. என்றால் திரவத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 50 கிலோ அழுத்தம். சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் பரப்பு 15 சதுர செ.மீ. என்றால் அங்கே 750 கிலோ! அதுவும் இடது சக்கரம், வலது சக்கரம் என்ற பேதமே இல்லாமல் ஒரே அழுத்தம். நான்கு கம்பிகளை ஒன்றுபோல் இழுக்க வைக்கும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: உள்ளே இருப்பது அமுங்காத திரவமாக இருக்கணும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விமானக்காரர் கொண்டுவந்த பிரேக்

ஹைட்ராலிக் பிரேக்கைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். ஆமாம், போர் விமானம் செய்யும் லாக்ஹீட் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் அதே லாக்ஹீட்தான். மால்கமும் தம்பி ஆலனும் சேர்ந்து 1913-ல் சான் பிரான்சிஸ்கோவில் விமானம் செய்து பறந்தவர்கள். மால்கம் 1917-ல் தன் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1919-ல் விமானத்தை விட்டுவிட்டு டெட்ராய்ட்டில் பிரேக் நிறுவனம் ஆரம்பித்தார்.

1921-ல் இரண்டு சம்பவங்கள். ஜூலையில் பிரான்சின் லெ மான்ஸில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி என்ற அமெரிக்கர் ஓட்டிய டியூசன்பெர்க் கார் ஜெயித்தது. நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக் கொண்ட கார் அது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் டியூசன்பெர்க் மாடல் ஏ என்ற சாலைக் கார் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. உள்ளே ஊற்றிய திரவம் கிளிசரினும் தண்ணீரும் கலந்தது. இன்றைக்கு எதைத் துரத்திக்கொண்டிருக்கிறோமோ, அந்தத் தண்ணீரையே அன்றைக்கு அவர்களாகவே ஊற்றினார்கள் :-)

டியூசன்பெர்க் பணக்காரர்களின் கார். சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் இந்தப் பிரேக்கைக் கொடுத்தவர் வால்டர் கிரைஸ்லர். 1924-ல் வந்த கிரைஸ்லர் சிக்ஸ் காரில் அது வழக்கமான அம்சமாகவே இருந்தது. இங்கே ஒரு சின்ன விவரம் முக்கியம். லாக்ஹீடின் ஆரம்ப வடிவமைப்பில் பிஸ்டனில் கசிவைத் தடுக்கத் தோலால் ஆன கிண்ணங்கள் இருந்தன. தோல் காயும், சுருங்கும், ஒழுகும். கிரைஸ்லரின் பொறியாளர்கள் அதற்குப் பதில் ரப்பர் கிண்ணம் வைத்தார்கள். ஒழுகல் நின்றது.

ஒழுகல் நின்றாலும் புதுத் தலைவலி ஒன்று பிறந்தது. இனி எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அது ரப்பரைக் கெடுக்கக் கூடாது.

விளக்கெண்ணெய் வந்த வழி

எஞ்சின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெயை இயற்கை ரப்பரில் பட வைத்தால் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். ஊறிய கிண்ணம் சிலிண்டருக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே பெட்ரோலிய எண்ணெய் ஆகாது.

அப்போது கைகொடுத்தது ஆமணக்கு. அதாவது நம்ம ஊர் விளக்கெண்ணெய்! இயற்கை ரப்பரை அதிகம் பாதிக்காது, உலோகத்துக்கு நல்ல வழவழப்பும் கொடுக்கும். ஆனால் குளிரில் பாகு மாதிரி கெட்டியாகிவிடும் என்பதால் அதில் ஆல்கஹாலைக் கலந்து நீர்க்கச் செய்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு உலகக் கார்கள் இந்த விளக்கெண்ணெய்க் கலவையில்தான் நின்றன. நாம் இன்றும் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது அந்தக் காலத்தில் பொருந்துகிற பெயர்தான்.

இந்தப் பெயர் இன்றைக்கு ஆபத்தானது. இப்போது பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெயே கிடையாது, கிளைக்கால் ஈதர் வகை ரசாயனம். 'ஆயில்தானே' என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரும் ஊறிப்போய் முழு அமைப்பையும் பிரித்து மாற்றணும்.

இதற்கிடையில் ஹென்றி ஃபோர்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. குழாய்க்குள் இருக்கும் திரவத்தை அவர் நம்பவில்லை. பெடலிலிருந்து சக்கரம் வரை இரும்புதான் பாதுகாப்பு என்பதையே அவர் நிறுவனம் விளம்பரமாகச் செய்தது. போட்டியாளரான செவ்ரலே 1936-ல் ஹைட்ராலிக்குக்கு மாறிய பிறகும் ஃபோர்டு காத்திருந்து, கடைசியில் 1939 மாடலில்தான் இறங்கி வந்தது.

பிடிவாதக்காரர் என்று அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயமும் இருந்தது. கம்பி ஒன்று அறுந்தால் ஒரு சக்கரம்தான் போகும். அன்றைய ஹைட்ராலிக் அமைப்பில் எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து போய்விடும். அமெரிக்காவில் கடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸும் 1962 மாடல்களில் திரவப் பாதையை இரண்டாகப் பிரித்தன. ஒன்று போனாலும் இன்னொன்று பாதிச் சக்கரங்களைப் பிடிக்கும். 1968-லிருந்து அமெரிக்காவில் புதிய கார்களுக்கு அதைச் சட்டமே கட்டாயமாக்கியது.

டிஸ்க் வந்தது, சூடும் வந்தது

1953-ல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி டைப் கார் ஜெயித்தது. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் கார் முன்பக்க டிஸ்க் பிரேக்கோடு வந்தது. அடுத்த இருபது வருடத்தில் டிஸ்க் பிரேக் எங்கும் பரவியது.

டிஸ்க் பிரேக் டிரம்மைவிடப் பல விதத்தில் உயர்ந்தது. ஆனால் அதில் பேட், டிஸ்க்கை உரசும்போது பிறக்கும் சூடு, நேராகப் பின்னால் இருக்கும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கு ஏறும். சூடு என்றால் எவ்வளவு? 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பத்தில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்குக்குத்தான் போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே சின்ன கியரில் இறங்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது விளக்கெண்ணெய்க் கலவையை நினைத்துப் பாருங்கள். எத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ். பியூட்டைல் ஆல்கஹால் என்றாலும் 118 டிகிரிக்குள். இந்தச் சூட்டுக்கு அது தாங்காது. ஆகவே இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கொதிநிலை அதிகமுள்ள கிளைக்கால் ஈதர் திரவங்கள் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன.

கொதித்தால் என்ன ஆகும்? இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன நிபந்தனை வருகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். தண்ணீர் ஆவியானால் சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு பெருக்கும். காலிப்பருக்குள் சில துளி ஆவியானாலே போதும். நீங்கள் பெடலை மிதிப்பது சக்கரத்துக்குப் போகாமல் அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது, பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் கொதிநிலையும் உயர்ந்திருக்கும். காலை எடுத்தவுடன் அழுத்தம் விழும், அப்போதுதான் திரவம் பொங்கும். மலையில் இறங்கி வந்து டீ குடிக்க நிறுத்தினால், காற்றோட்டம் இல்லாமல் டிஸ்க்கின் சூடு மொத்தமும் காலிப்பருக்குள் ஏறும். அது வரை நன்றாகப் பிடித்த பிரேக், அடுத்த மிதியில் இருக்காது.

இரண்டாவது, கார் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். விபத்துக்கான சாட்சியே காணாமல் போய்விடும்.

இரண்டு பாதையாகப் பிரித்த அமைப்பும் இங்கே முழுக் காவல் இல்லை. குழாய் வெடித்தால் அது காப்பாற்றும். ஆனால் இரண்டு பாதையிலும் ஓடுவது ஒரே பழைய திரவம்தானே?

டாட் என்ற முத்திரை

1965-ல் ரால்ஃப் நேடர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய நூல் பெரிய புயலைக் கிளப்பியது. 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, போக்குவரத்துத் துறை என்ற தனி அமைச்சகமும் உருவானது. அந்தத் துறையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் பிரேக் ஆயில் டின்னில் இருக்கும் 'டாட்'. 116-ஆம் எண் பாதுகாப்புத் தரம் பிரேக் திரவத்துக்கென்றே எழுதப்பட்டது.

அந்தத் தரத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒவ்வொரு திரவத்துக்கும் இரண்டு கொதிநிலை கேட்டார்கள். ஒன்று புதிய திரவத்துக்கு, இன்னொன்று ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த திரவத்துக்கு.

டாட் 3: புதிதாக 205 டிகிரி, ஈரத்தோடு 140 டிகிரி.
டாட் 4: புதிதாக 230 டிகிரி, ஈரத்தோடு 155 டிகிரி.
டாட் 5, டாட் 5.1: புதிதாக 260 டிகிரி, ஈரத்தோடு 180 டிகிரி.

இவை குறைந்தபட்ச அளவுகள். டாட் 4-ல் நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது. இந்தத் திரவத்துக்குள் தண்ணீர் வந்தே தீரும் என்று சட்டமே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது பாருங்கள்.

தண்ணீரை ஏன் உறிஞ்சணும்?

கிளைக்கால் ஈதர் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெதுவாக உள்ளே வரும். கார் ஓடாமல் நின்றாலும் வரும். அப்படியானால் தண்ணீரை உறிஞ்சாத திரவத்தை ஊற்றிவிட்டால் வேலை முடிந்ததே?

முயன்று பார்த்தார்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். தண்ணீரை ஏற்காது, பெயிண்டையும் கெடுக்காது. 1980-களில் அமெரிக்க ராணுவம்கூட, வருடக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்காக அதற்கு மாறியது. ஆனால் ஈரம் எப்படியும் உள்ளே நுழையும். திரவத்தில் கரையாத தண்ணீர் துளித்துளியாகச் சேர்ந்து தாழ்வான இடத்தில், அதாவது சக்கரத்தருகே உள்ள சிலிண்டரில் தங்கும். அமைப்பிலேயே மிகச் சூடான இடமும் அதுதான். அங்கே அது 100 டிகிரியிலேயே கொதிக்கும், அதே இடத்தில் துருவும் பிடிக்கும். போதாததற்கு சிலிக்கோனில் காற்றுக் குமிழிகள் எளிதில் தங்கும், சூட்டில் கொஞ்சம் அமுங்கவும் செய்யும். 1978-ல் பென்ஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்த பிறகு, நொடிக்குப் பலமுறை திறந்து மூடும் அந்த நுண்ணிய வால்வுகளுக்குச் சிலிக்கோன் பொருந்தவில்லை. டாட் 5.1 என்று பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது கிளைக்கால் வகைதான். இரண்டையும் கலக்கவே கூடாது.

சிட்ரோயன் வேறு வழியில் போனது. டிஎஸ் காரில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எல்லாமே ஒரே திரவத்தில் ஓடின. முதலில் பயன்படுத்திய திரவங்கள் ஈரத்தை இழுத்து உள்ளே துருவை உண்டாக்கியதால், 1966-ல் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். அதற்காக எல்லா ரப்பரையும் வேறு வகையாக மாற்ற வேண்டி வந்தது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உலகமெங்கும் கடைகளில் கிளைக்கால் திரவமும் அதற்கேற்ற ரப்பரும்தான். மாற்றி ஊற்றினால் நாசம். மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போகவில்லை.

மிஞ்சியது கிளைக்கால். அது தண்ணீரை இழுக்கிறது என்பது குறை. ஆனால் இழுத்த தண்ணீரைத் தன்னுள் கரைத்து, ஒரே இடத்தில் தேங்கவிடாமல் பரப்பி வைக்கிறது என்பது பெரிய நிறை. 100 டிகிரியில் திடீரென்று கைவிடுவதற்குப் பதில், வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறைகிறது. அதனால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்துக்குள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவோம் என்ற நம்பிக்கையில்தான் இந்த முழு ஏற்பாடும் நிற்கிறது. பொறியாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதிப் பாதி நம் கையில்.

சரி, நாம் என்ன செய்யணும்?

பல நிறுவனங்கள் சொல்வது இரண்டு ஆண்டு. உங்கள் காரின் புத்தகத்தில் உள்ளதே இறுதி. கடலோர ஊரில், மழைக்காலம் நீளமான ஊரில் இருப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. 'நான் ஓட்டுறதே கம்மி' என்பது செல்லாது, ஈரம் கிலோமீட்டர் பார்த்து வருவதில்லை. மின்சாரக் காரிலும் இந்தத் திரவம் உண்டு.

டப்பாவில் மேலே கொஞ்சம் ஊற்றுவது மாற்றுவது ஆகாது. கெட்ட திரவம் கீழே காலிப்பரில் இருக்கிறது. பேட் தேயத் தேய டப்பாவில் அளவு கொஞ்சம் குறைவது இயல்பு. சட்டென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அதற்கு மருந்து இன்னொரு டின் வாங்கி ஊற்றுவது அல்ல. நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது, தண்ணீருக்கு நிறம் கிடையாதே.

மாற்றும் முறை இது: டப்பாவிலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் பழையதை வெளியேற்றி, தெளிவான திரவம் குமிழி இல்லாமல் வரும் வரை செய்யணும். இடையில் டப்பா காலியாகக் கூடாது, காற்று உள்ளே போய்விடும். சக்கர வரிசை காருக்குக் கார் மாறும். ஏபிஎஸ் உள்ள சில கார்களுக்குத் தனிக் கருவி வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: மூடியில் எழுதிய டாட் எண்தானா, டின் உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கப்பட்டதா? பாதி மீந்து ஷெல்ஃபில் மாதக்கணக்கில் இருந்த டின் வேண்டாம். அதற்குள் அது தண்ணீர் குடித்திருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டையே உரித்துவிடும்.

தோல் கிண்ணத்தில் தொடங்கி, கிளிசரின், விளக்கெண்ணெய், சிலிக்கோன் என்று எத்தனையோ பேர் எத்தனையோ திரவத்தைச் சோதித்துவிட்டு, கடைசியில் "இதைத்தான் ஊற்றுவோம், ஆனால் மாற்றிக்கொண்டே இருக்கணும்" என்று முடிவு செய்தார்கள். அடுத்த முறை சர்வீஸுக்குப் போகும்போது வீட்டுக் காரில் பிரேக் ஆயில் கடைசியாக எந்த வருடம் மாற்றியது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்றால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.